ஊக்கமும் ஒப்புரவும்: சுயமுன்னேற்ற நூல்கள் பற்றி ஒரு மறுபார்வை

நம் சங்கத்தில் ஆண்டுதோறும் திருக்குறள் ஒப்புவித்தல் போட்டி நடைபெறுவது அன்பர்கள் அறிந்ததே. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகள்கூட, அம்மா தேவநாகரியிலோ ஆங்கில எழுத்திலோ எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்து, மூச்சு விடாமல் பத்துக் குறளைச் சொல்லிவிட்டு ஓடிப்போய் அப்பா மடியில் உட்கார்ந்துகொள்கிறார்கள். கேட்கிற நமக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். பரிசுப் புத்தகம் வாங்கும் பொறுப்பு பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு பை நிறையப் புத்தகம் வாங்கி வருவேன். பெரும்பாலும் சுயமுன்னேற்ற நூல்கள்தான். அட்டையில் ஓர் ஏணி இருக்கும். அல்லது மலையுச்சியில் ஒருவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார். பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்ற நல்லெண்ணம்தான், வேறென்ன?

ஒன்றை மட்டும் நான் யோசித்ததில்லை. குறள் சொன்ன குழந்தைக்குக் கொடுத்த அந்தப் புத்தகம், குறள் சொல்வதைத்தான் சொல்கிறதா? ஓய்வு பெற்ற பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். சொல்லுவது போலவும் இருக்கிறது. சொல்லாதது போலவும் இருக்கிறது. எங்கே பிரிகிறது என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை.

தங்கை மகன் கேட்டது

என்னை இந்த ஆராய்ச்சியில் இறக்கிவிட்டவன் என் தங்கை மகன். 2009ஆம் ஆண்டு. சி.ஏ. இறுதித் தேர்வில் மூன்றாம் முறையும் தவறிவிட்டான். வீட்டில் யாரோடும் பேச்சில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடந்தான். தங்கை அழுதுகொண்டே போன் செய்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பரிசு கொடுத்தது போக மிச்சமிருந்த நூல்களில் நாலைந்தை எடுத்துக்கொண்டு செம்பூர் போய், "இதைப் படிடா, தெம்பு வரும்" என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்துப் போனபோது புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தான். எல்லாவற்றையும் படித்திருந்தான். "எப்படி இருந்தது?" என்றேன்.

"மாமா, இதிலே வர்றவங்க எல்லாருமே கடைசியிலே ஜெயிச்சுடறாங்க. தோத்தவன் ஒருத்தன்கூட இல்லையே? மனசு வெச்சா நடக்கும்னு எழுதியிருக்கு. அப்போ எனக்கு நடக்கலைன்னா நான் மனசே வைக்கலைன்னுதானே அர்த்தம்? ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சது என்ன கணக்குலே சேரும்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏற்கெனவே அடிபட்டுக் கிடந்தவனிடம் "உன் எண்ணம் சரியில்லை" என்று மேலும் ஒரு அடி கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது மட்டும் புரிந்தது. தெம்பு தரும் என்று கொடுத்த மருந்தே குற்றப் பத்திரிகையாகிவிட்டது.

முதல் நூல் பிறந்த அறை

சுயமுன்னேற்றம் என்ற இந்த வகைக்கே பெயர் வைத்த நூல் 1859இல் லண்டனில் வெளிவந்த 'செல்ஃப் ஹெல்ப்'. எழுதியவர் ஸ்காட்லாந்தில் பிறந்து, மருத்துவம் படித்து, பத்திரிகை ஆசிரியராகவும் ரயில்வே கம்பெனி அலுவலராகவும் இருந்த சாமுவேல் ஸ்மைல்ஸ். டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். ஸ்மைல்ஸின் நூல் முதலாண்டிலேயே இருபதாயிரம் பிரதிகள் விற்றது. ஜப்பானிய மொழியில் 1871இல் பெயர்க்கப்பட்டு, மெய்ஜி காலத்து இளைஞர்களுக்கு ஒரு வேதமாகவே ஆனது.

அந்த நூல் எங்கே பிறந்தது என்பதுதான் விஷயம். ஸ்மைல்ஸ் தம் முன்னுரையில் அதைச் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தின் வடபகுதி நகரம் ஒன்றில் மிக எளிய நிலையிலிருந்த இரண்டு மூன்று இளைஞர்கள், குளிர்கால மாலைகளில் கூடித் தங்களுக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று தொடங்கினார்கள். கூட்டம் பெருகியது. இடம் போதவில்லை. காலரா நோயாளிகளுக்குத் தற்காலிக மருத்துவமனையாக இருந்த ஓர் இருண்ட கூடத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். வேறு யாரும் அதை எடுக்கத் துணியவில்லை. கொஞ்சம் கூடத் தெரிந்தவன் கொஞ்சம் குறையத் தெரிந்தவனுக்குக் கணக்கும் பூகோளமும் கற்பித்தான். நூறு பேர் அளவுக்குச் சேர்ந்த பிறகு, வெளியாட்களும் வந்து பேசினால் நன்றாயிருக்குமே என்று ஸ்மைல்ஸை அழைத்தார்கள். 1845இல் லீட்ஸ் நகரத்தில் அவர் ஆற்றிய அந்தப் பேச்சுத்தான் பின்னால் நூலாயிற்று. அப்படிப்பட்ட அமைப்புகளுக்கு அந்நாளில் வழங்கிய பெயர், பரஸ்பர முன்னேற்றச் சங்கம்.

கவனியுங்கள். 'தனக்குத் தானே உதவி' என்ற நூல், ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டவர்களின் அறையில் பிறந்தது. அந்த அறை முன்னுரையோடு நின்றுவிட்டது. நூலின் உள்ளே நாம் காண்பது தனித்தனி மனிதர்களின் வரலாறுகள்: நீராவி இயந்திரக்காரர், பீங்கான் செய்தவர், தறி கண்டுபிடித்தவர். வாசகரும் தனி மனிதரைத்தான் பிடித்துக்கொண்டார், அறையை மறந்துவிட்டார்.

இதை ஸ்மைல்ஸே உணர்ந்தார். 1866இல் வெளிவந்த திருத்திய பதிப்பின் முன்னுரையில், நூலின் தலைப்புச் சரியாக அமையாமல் போயிற்று, அது தன்னலத்தைப் புகழும் நூல் என்று சிலர் எண்ணிவிட்டார்கள், தன் நோக்கம் அதற்கு நேர் எதிரானது, தனக்கு உதவிக்கொள்ளும் கடமைக்குள் அண்டை அயலாருக்கு உதவுவதும் அடங்கும் என்ற கருத்துப்பட வருந்தி எழுதுகிறார். தலைப்பை மாற்றுவதற்கு நேரம் கடந்துவிட்டது என்றும் ஒப்புக்கொள்கிறார்.

அதே முன்னுரையில் இன்னொன்றும் இருக்கிறது. வென்றவர்களைப் பற்றியே எழுதுகிறீர்களே, தோற்றவர்களுக்கு ஒரு வரலாற்றாசிரியர் வேண்டாமா என்று அந்நாளிலேயே விமர்சகர்கள் கேட்டிருக்கிறார்கள். தோல்விக்கும் வரலாறு எழுதக்கூடாது என்பதில்லை. வெறும் தோல்விகளின் பட்டியல் படிப்பவருக்குச் சோர்வையே தரும் என்பது ஸ்மைல்ஸின் பதில். செம்பூரில் என் தங்கை மகன் கேட்ட கேள்வி, ஏறக்குறைய 150 ஆண்டுப் பழமையான கேள்வி! ஸ்மைல்ஸின் பதில் அப்போதும் போதவில்லை, இப்போதும் போதவில்லை. தோற்றவன் தன் கதையைப் பட்டியலாகக் கேட்கவில்லை. தனக்கும் அந்தப் பக்கங்களில் ஓர் இருக்கை உண்டா என்றுதான் கேட்டான்.

கண்ணூர்ச் சிறையிலிருந்து ஒரு திருத்தம்

தமிழில் இந்த வகை நூல்களுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் யார் என்று கேட்டால் பலருக்கு வியப்பாயிருக்கும். கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளைதான் அவர். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூல்களை 'மனம்போல வாழ்வு', 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்', 'சாந்திக்கு மார்க்கம்' என்ற பெயர்களில் தமிழாக்கினார். மனத்தில் எதை விதைக்கிறோமோ அதுவே வாழ்வாக விளைகிறது என்பது ஆலனின் சாரம். இன்று நம் கடைகளில் விற்கும் பல நூல்களுக்கு மூலவேர் இந்தச் சாரமே.

இதை மொழிபெயர்த்தவரின் வாழ்வைப் பாருங்கள். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர். 1908இல் தண்டனை பெற்று, கோயம்புத்தூரிலும் கண்ணூரிலும் சிறையிருந்து, 1912 இறுதியில் வெளியே வந்தவர். வந்தபோது கம்பெனி இல்லை, கப்பல் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. 1936இல் தூத்துக்குடியில் மறையும் வரை வறுமை அவரை விடவில்லை. 'மனம்போல வாழ்வு' என்பதை இன்றைய நூல்கள் சொல்லும் பொருளில் எடுத்துக்கொண்டால், வ.உ.சி.யின் எண்ணத்தில் ஏதோ கோளாறு இருந்தது என்றல்லவா ஆகும்? அப்படிச் சொல்ல யாருக்கு நா எழும்?

அப்படியானால் அவர் ஆலனிடம் எதைக் கண்டார்? அவருடைய சொந்த நூலான 'மெய்யறம்' இதற்கு விடை தருகிறது என்று கருதுகிறேன். கண்ணூர்ச் சிறையில் எழுதப்பட்டு 1914இல் வெளியான இந்நூல் குறளை அடியொற்றி 125 அதிகாரங்களாக அமைந்தது. அவற்றை மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணரியல், மெய்யியல் என்று ஐந்தாகப் பகுத்தார். இந்தப் பகுப்பே ஒரு விமர்சனம் எனலாம். ஆலனில் ஒரு மனிதனும் அவன் மனமும் மட்டுமே உண்டு. மெய்யறத்தில் அந்த மனிதன் படிக்கிறான், குடும்பம் நடத்துகிறான், நாட்டுக்கு உறுப்பாகிறான், அதற்கும் அப்பால் போகிறான். அரசியலுக்கு மட்டும் ஐம்பது அதிகாரம்! மனத்தை நேராக்குவது தொடக்கப் பாடம். அதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடுவதில்லை என்று வ.உ.சி. நமக்குக் காட்டுகிறார். பின்னாளில் 1917இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு அவர் பதிப்பித்ததும் இந்தப் பாதையின் தொடர்ச்சிதான்.

இன்னொரு செய்தி, வெளியூர்த் தமிழர்களாகிய நாம் மறக்கக் கூடாதது. சிறை மீண்டு அவர் சிரமப்பட்ட காலத்தில், கடல் கடந்து தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த நம்மவர்கள் அவருக்கென்று பணம் திரட்டினார்கள். காந்தியடிகள் வழியாக அது வந்து சேர்ந்த கதையை 1915-16ஆம் ஆண்டுக் கடிதங்களில் காணலாம். பறிபோன வக்கீல் சன்னது திரும்பக் கிடைக்கத் துணைசெய்த வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார் வ.உ.சி. தன் மனவலிமையால் மட்டுமே எழுந்தேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு மற்ற எவரையும்விட அதிக உரிமை உண்டு. அவரோ நன்றியைப் பிள்ளையின் பெயரிலேயே எழுதி வைத்தார்.

'எண்ணங்கள்' போன வழி

நம் தலைமுறைக்கு நெருங்கியவர் டாக்டர் எம்.எஸ். உதயமூர்த்தி. அமெரிக்கா சென்று தொழில் நடத்தி வெற்றி கண்டு திரும்பியவர். அவருடைய 'எண்ணங்கள்' படிக்காத தமிழ் இளைஞர் ஒரு காலத்தில் அரிது. நானும் படித்தேன். தாதர் ரயிலில் நின்றுகொண்டே படித்த நினைவு இருக்கிறது. 1988இல் கே. பாலசந்தர் 'உன்னால் முடியும் தம்பி' படத்தின் கதாநாயகனுக்கு உதயமூர்த்தி என்றே பெயர் வைத்தார் என்றால் செல்வாக்கைப் புரிந்துகொள்ளலாம்.

அவர் 'எண்ணங்கள்' எழுதியதோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டுக்குத் திரும்பி மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கினார். நதிகளை இணைக்க வேண்டும் என்று குரல் கொடுத்தார். அரசியலில் அந்த இயக்கம் பெரிய வெற்றி எதையும் பெறவில்லை. 2013இல் அவர் மறைந்தார். இன்றும் புத்தகக் கடையில் 'எண்ணங்கள்' கிடைக்கிறது. இயக்கத்தைப் பற்றிக் கேட்டால் இளைஞர்கள் விழிக்கிறார்கள். தனி மனிதன் எண்ணத்தால் உயர்வான் என்பதில் தொடங்கியவர், ஊர் கூடினால்தான் உயர்வு என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். நாம் தொடக்கத்தை எடுத்துக்கொண்டோம்; வந்து சேர்ந்த இடத்தை விட்டுவிட்டோம்.

நம் பிள்ளைகள் மேலாண்மைப் படிப்பில் படிக்கிற ஸ்டீபன் கவியின் ஏழு பழக்கங்கள் பற்றிய நூலும் (1989) இப்படித்தான். முதல் மூன்று பழக்கங்கள் ஒருவன் தன்னை ஆள்வதற்கு. அடுத்த மூன்றும் பிறரோடு சேர்ந்து இயங்குவதற்கு. ஏழாவது இவற்றைத் தீட்டிக்கொண்டே இருப்பதற்கு. பிறரைச் சார்ந்திருத்தல், தற்சார்பு, ஒருவரையொருவர் சார்ந்திருத்தல் என்று மூன்று படிகளாக வளர்ச்சியைக் காட்டி, தற்சார்பை நடுப்படியில்தான் வைக்கிறார். ஆனால் அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் நான் கேட்டவரைக்கும், நேரத்தை எப்படி வகுத்துக்கொள்வது என்பதோடு டீ இடைவேளை வந்துவிடும்!

ஸ்மைல்ஸ், வ.உ.சி., உதயமூர்த்தி, கவி. காலம் வேறு, நாடு வேறு. நால்வரும் தனி மனிதனோடு நின்றுவிடவில்லை. வாசகர்களாகிய நாம்தான் பாதி வழியில் இறங்கிக்கொண்டோம்.

குறளின் வரிசை சொல்வது

இனி நம் குறளுக்கு வருவோம். சுயமுன்னேற்ற நூலாசிரியர்கள் மிகவும் எடுத்தாள்வது பொருட்பாலின் மூன்று அதிகாரங்கள்: 60 ஊக்கமுடைமை, 61 மடியின்மை, 62 ஆள்வினையுடைமை. போட்டியில் பிள்ளைகள் விரும்பிச் சொல்வதும் இவையே. பரிமேலழகர் கொண்ட வரிசையில் இவற்றுக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்ப்போமா?

முன்னால் கல்வி (40), கேள்வி (42), குற்றங்கடிதல் (44), பெரியாரைத் துணைக்கோடல் (45) ஆகியவை இருக்கின்றன. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் மூன்றும் 48, 49, 50 என்று வரிசையாக நிற்கின்றன. சுற்றந்தழால் 53. அதாவது, படி, கேள், உன் குற்றத்தை நீக்கு, பெரியவர் துணையைத் தேடு, உன் பலமும் காலமும் இடமும் அறி, சுற்றத்தை அணைத்துக்கொள். இத்தனைக்கும் பிறகே ஊக்கம். நம் நூல்கள் ஊக்கத்தில் தொடங்கி ஊக்கத்திலேயே முடிகின்றன. இடம் அறியாமல் ஊக்கம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை, மொழி தெரியாத நகரத்தில் முதல் மாதம் தவித்த நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பின்னால் என்ன? 62இல் முயற்சியைச் சொன்ன கையோடு 63இல் வைத்தது இடுக்கணழியாமை, அதாவது துன்பம் வந்தால் நிலைகுலையாமை. முயற்சி செய்தால் வெற்றி என்று ஓர் அதிகாரம் அடுத்து வந்திருக்கலாம். வரவில்லை. முயல்கிறவனுக்கு இடுக்கண் வரும், அது இயல்பு, அவன் பிழையன்று என்பது வைப்புமுறையிலேயே தெரிகிறது. 66இல் வினைத்தூய்மையை வைத்துவிட்டு 67இல் வினைத்திட்பம் சொன்னதையும் சேர்த்துப் பார்க்கலாம். உறுதி பிறகு, செயல் சுத்தமானதா என்பது முதலில்.

அதிகாரத்துக்குள்ளும் போவோம். 62இன் எட்டாவது குறள், நல்லூழ் இல்லாமை யாருக்கும் இழிவாகாது, அறிய வேண்டியதை அறிந்து முயலாமையே இழிவு என்கிறது. என் தங்கை மகன் கேட்ட கேள்விக்கு விடை இதில் இருக்கிறது! ராத்திரி இரண்டு மணி வரைக்கும் படித்தவன் பழிக்கு அப்பாற்பட்டவன். விளைவைக் கொண்டு முயற்சியை அளக்கிற புதுக்கணக்கு வள்ளுவரிடம் கிடையாது.

அடுத்த குறளும் அப்படித்தான். எல்லா மேடையிலும் முழங்குகிறோமே, அதுதான். தெய்வத்தால் ஆகாமற்போனாலும் உடல் வருந்திய அளவுக்குப் பலன் உண்டு என்பது கருத்து. அங்கே வள்ளுவர் போட்ட சொல் 'கூலி'. வெற்றி என்று சொல்லவில்லை, உச்சி என்று சொல்லவில்லை. கூலி என்பது உழைப்பின் அளவு, கனவின் அளவன்று. இதற்கு அடுத்த பத்தாவது குறள் ஊழையே புறங்காட்ட வைக்கலாம் என்று மேலே போகிறதே என்று அன்பர்கள் கேட்கலாம். உண்மை. ஆனால் ஊழைவிட வலியது எது என்று கேட்டு 38ஆம் அதிகாரத்தை முடித்தவரும் அவரே. இரண்டில் ஒன்றைத் துடைத்துவிட்டு மற்றதை மட்டும் சுவரில் எழுதுவது நேர்மையான வாசிப்பாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, முயற்சி எதற்காக என்பது. அதே 62இல் ஐந்தாவது குறள், இன்பத்தை விரும்பாது வினையை விரும்புகிறவனைச் சுற்றத்தாரின் துன்பத்தைத் துடைத்துத் தாங்கும் தூணாக்குகிறது. அறத்துப்பாலில் ஒப்புரவறிதல் (22) இன்னும் வெளிப்படை: முயன்று ஈட்டிய பொருளெல்லாம் தகுதியுடையவர்களுக்கு உதவுவதற்கே என்கிறது. ஆக, வள்ளுவரின் முன்னேறிய மனிதன் மலையுச்சியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவன் அல்லன். கூரையைத் தாங்கிக்கொண்டு நிற்கும் தூண்.

மறுபக்கமும் உண்டு

இதுவரை எழுதியதைப் படித்த நண்பர் ஒருவர், "சார், நீங்க ரொம்ப ஒருபக்கமாப் பேசறீங்க" என்றார். அவர் சொன்னது நியாயம்.

1974இல் நான் பம்பாய் வந்து இறங்கியபோது மாதுங்காவில் ஐந்து பேர் இருந்த அறையில் ஆறாவது ஆளாகப் படுக்க இடம் கிடைத்தது. ஒருவர் ஷார்ட்ஹேண்ட் சொல்லிக் கொடுத்தார். ஒருவர் இந்தியில் நாலு வார்த்தை பேசப் பழக்கினார். நேர்காணலுக்குப் போட்டுக்கொண்டு போன சட்டைகூட என்னுடையதில்லை. வேலை கிடைக்கும் வரை மெஸ் கணக்கை இன்னொருவர் ஏற்றுக்கொண்டார். லீட்ஸ் நகரத்து காலராக் கூடத்துக்கும் எங்கள் அறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. "நான் சுயமாக முன்னேறினேன்" என்று நம்மில் யார் சொன்னாலும், இப்படி ஓர் அறை அதற்குப் பின்னால் இருக்கும்.

ஆனால் நண்பர் கேட்டது இது: "அந்த அறையிலே உங்களுக்கு ஏன் இடம் கொடுத்தாங்க? ஊர்க்காரர்னு கடிதாசி இருந்தது. நான் வந்தப்போ எனக்கு யாரும் இல்லே. ஊர் பேரைக் கேட்டாங்க, அப்புறம் தெருப் பேரைக் கேட்டாங்க. அதுக்கப்புறம் இடம் இல்லேன்னுட்டாங்க. நடைபாதைக் கடையிலே வாங்கின பழைய புத்தகம் ஒண்ணுதான் எனக்கு அண்ணன், தம்பி எல்லாம். 'பிறந்த இடம் உன்னைத் தடுக்காது'ன்னு அதுதான் சொல்லிச்சு. வேற யார் சொன்னாங்க?"

தலை குனிந்துகொண்டேன். சுற்றம் இல்லாதவனுக்கு, சுற்றத்தாலேயே ஒதுக்கப்பட்டவனுக்கு, சுயமுன்னேற்ற நூல் செய்த உதவியை மறுக்க முடியாது. எம்.ஆர்.எம். அப்துற் றஹீமின் 'வாழ்க்கையில் வெற்றி' போன்ற நூல்கள் சிற்றூர் நூலகங்களில் அட்டை கிழிந்து கிடப்பது ஏன்? எழுத்துக் கூட்டிப் படித்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் அவற்றைத் தேடித் தேடிப் படித்ததால்தான். எளிய தமிழில், தோளில் கைபோட்டுப் பேசுவதுபோல் பேசியவை அவை. அந்தப் பெருமையை இலக்கிய விமர்சனம் இன்னும் சரிவரக் கொடுக்கவில்லை.

எனவே நான் சொல்ல வருவது 'அந்த நூல்களைத் தூக்கிப் போடுங்கள்' என்பதன்று. அவற்றின் குறை பொய் சொல்வதில் இல்லை. பாதியில் நிறுத்துவதில் இருக்கிறது. நம் குறையும் அதுதான். நாம் செய்த பரஸ்பர உதவி ஊரோடும் தெருவோடும் நின்றுவிட்டது. வள்ளுவர் ஒப்புரவுக்குக் காட்டும் உவமைகளைப் பாருங்கள்: நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். மூன்றும் வந்தவனை யாரென்று கேட்பதில்லை. நம் ஊர்க் குளங்கள் கேட்டதுண்டு. வள்ளுவர் சொன்ன ஊருணி கேட்கவில்லை.

ஊக்கமுடைமையில் நீர்ப்பூவின் தண்டு நீரளவு இருக்கும், மாந்தர் உயர்வு உள்ளத்தளவு இருக்கும் என்ற கருத்துள்ள குறளை நம் விழா மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அதில் நீர் என்பது உள்ளத்துக்கு உவமை. அது சரி. ஆனால் குளத்திலும் நீர் இருக்க வேண்டுமல்லவா என்று எனக்குத் தோன்றுகிறது. இது உரையாசிரியர் யாரும் சொன்னதன்று. வெளியூரில் ஐம்பது ஆண்டு வாழ்ந்தவனின் சொந்த எண்ணம். பூவிடம் "உயர்ந்து வா" என்று சொல்வதோடு ஊருணியை நிரப்பும் வேலையையும் யாராவது செய்ய வேண்டும்.

சில வேண்டுகோள்கள்

தங்கை மகன் பிறகு சி.ஏ. முடிக்கவில்லை. இன்னும் ஒரு முறை எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டான். வாஷியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். சாயங்காலம் அவன் வீட்டில் கட்டடத்து இட்லிக் கடைக்காரர், தையல்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர் என்று நாலு பேர் காகிதக் கட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். வரிப் படிவம் நிரப்பித் தருவான், காசு வாங்குவதில்லை. தங்கைக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது, அவன்தான் எல்லாம். எந்தச் சுயமுன்னேற்ற நூலிலும் அவனுக்கு ஒரு பக்கம் கிடைக்காது. 62ஆம் அதிகாரத்தின் ஐந்தாவது குறளில் கிடைக்கும். இதை அவனிடம் சொன்னபோது, "போங்க மாமா" என்று சிரித்துவிட்டு அடுத்தவர் காகிதத்தை வாங்கிப் பார்க்க ஆரம்பித்தான்.

நம் சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, ஒப்புவித்தல் போட்டியில் ஆள்வினையுடைமை சொல்கிற பிள்ளை இடுக்கணழியாமையும் சேர்த்துச் சொல்லட்டும். பொருளும் சொல்லட்டும், இந்தியிலோ மராத்தியிலோ ஆனாலும் சரி. இரண்டு, பரிசு நூல்களில் வென்றவர் வரலாற்றோடு வ.உ.சி. போன்றவர்களின் முழு வரலாறும் இடம்பெறட்டும். கப்பல் போனபிறகு உள்ள பக்கங்களும் சேர்த்து. மூன்று, ஞாயிறு மாலைகளில் நம் கூடம் பூட்டித்தான் கிடக்கிறது. தேர்வில் தவறிய பிள்ளைகள், புதிதாக வேலை தேடி வந்த பிள்ளைகள் அங்கே வந்து உட்காரட்டும். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். வருகிறவர்களிடம் பெயரை மட்டும் கேட்டால் போதும். ஊரையும் தெருவையும் கேட்க வேண்டாம்.

கணக்குப் பாடம் எடுக்க ஒருவர் தயாராக இருக்கிறார். நேற்றுத்தான் கேட்டு வைத்தேன். "வரேன் மாமா, சாவி யார்கிட்டே இருக்கும்?" என்றான்.